ஜெபக் குறிப்பில் ஒரு சகோதரி

ஜூலை 3

அன்புள்ளவளுக்கு,

நான்கு முறை போன் செய்தேன். நான்கு முறையும் உன் அக்காதான் எடுத்தார்கள். நீ குளிக்கிறாய், தூங்குகிறாய், கடைக்குப் போயிருக்கிறாய், மறுபடியும் குளிக்கிறாய். கடைசியில் அவர்களே மனமிரங்கி, "எழுதச் சொல்றா. பேசுனா நீங்க பிரசங்கம் பண்ணிடுவீங்களாம்" என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

கோயில் கூரை வடபக்கம் இன்னும் ஒழுகுகிறது. பீடத்துக்கு இடப்புறம் ஒரு வாளி வைத்திருக்கிறோம். அமைதியாக ஜெபிக்கும் நேரத்தில் சொட்டுச் சத்தம் மட்டும் கேட்கிறது, ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டே சிரிக்கிறார்கள். ஆகஸ்ட் மாதம் பதினேழாம் தேதி பிள்ளைகளைச் சபையின் முழு அங்கத்தினராகத் திடப்படுத்தும் ஆராதனைக்குப் பேராயர் வருகிறார். பதினொரு பிள்ளைகள். உன் ஞாயிறு பள்ளி வகுப்பை நானே எடுக்கிறேன். பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள்.

ஒரு காரியம் சொல்ல வேண்டும். சுற்றிச் சுற்றி வருகிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

நீ போன மறுநாள், ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளர் வாசலில் நின்று, அம்மாவைக் காணோமே என்று கேட்டார். உடம்பு சரியில்லை, அக்கா வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்துக்கு அதுதான் வாயில் வந்தது. அவர் அக்கறையுள்ள மனுஷன். திருமண்டல அலுவலகத்துக்கு அவரே எழுதிப் போட்டுவிட்டார். இந்த மாத இதழின் கடைசிப் பக்கத்தில், ஜெபக் குறிப்புகளில் வந்திருக்கிறது: "போதகரின் துணைவியார் நோயுற்று, தமது தமக்கையின் இல்லத்தில் சிகிச்சை பெற்று வருகிறார். பூரண சுகத்துக்காக ஜெபிப்போம்." நம் சபையின் பெயரும் போட்டிருக்கிறது. வரும் ஞாயிறு எல்லாச் சபைகளிலும் வாசிப்பார்கள்.

அச்சுக்குப் போவதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

உன் மேல் எனக்கும் ஒரு வருத்தம் உண்டு. இருபத்தாறு வருஷம் கழித்து, ஒரு வார்த்தை சொல்லாமல் போவாயா? சனிக்கிழமை காலை எழுந்து வந்தால் பால் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்கிறது, ஆணியில் உன் பை இல்லை.

டெய்லரம்மாவின் கை எப்படி இருக்கிறது?

உன் கணவன்


ஜூலை 9

போதகர் ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஆனால் எனக்கு நோய் என்பது எனக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரியும். அக்காவின் கோயிலில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தபோது வாசித்தார்கள். அக்கா என் தொடையைக் கிள்ளினாள்.

அன்று மூன்று மணிக்கு மாதர் சங்கத்திலிருந்து ஐந்து பேர் ஆரஞ்சும் ரொட்டியுமாக வந்துவிட்டார்கள். நான் மாடியில் போர்வை பிழிந்துகொண்டிருந்தேன். கட்டிலில் போய்ப் படு என்றாள் அக்கா. ஈரக் கையோடு படுத்தேன். ஐந்து பேரும் என் நெற்றியில் கை வைத்து ஜெபித்தார்கள். ஒருத்தி தேம்பித் தேம்பி அழுதாள். அவள் தங்கையும் இப்படித்தான் படுத்தாளாம், எழுந்திருக்கவே இல்லையாம். உங்கள் பொய்யில் இப்போது எனக்கும் பங்கு இருக்கிறது. அந்த ஆரஞ்சை என்னால் உரிக்க முடியவில்லை.

மகளும் இதழைப் படித்துவிட்டு அவ்வளவு தூரத்திலிருந்து அழுதுகொண்டே கூப்பிட்டாள். அவளிடம் நான் நன்றாக இருப்பதைச் சொன்னேன். "அப்ப அப்பாவுக்குத்தான் ஏதோ ஆயிருக்கு" என்றாள்.

சொல்லாமல் போனேன் என்கிறீர்கள். ஏன் போனேன் என்று தெரியாத மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அதனால் நான் எழுதிவிடுகிறேன்.

மே மாத நடுவில் டெய்லரம்மா என் ரவிக்கைக்கு அளவெடுக்க வந்தாள். சமையலறையில் வைத்துத் தன் முதுகைக் காட்டினாள். மாஸ்டர் வேலை. ஞாயிறுதோறும் நம் பாடகர் குழுவை நடத்தும் அதே மாஸ்டர், அவள் புருஷன். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா" என்றாள். அவள் கையைப் பிடித்துச் சரி என்றேன். சாப்பிடும்போது உங்களிடம் சொன்னேன். புருஷனிடம் சொல்வது சொன்னதில் சேராது என்று நினைத்தேன். அது என் குற்றம். உங்கள் தலையில் அதைக் கட்டவில்லை.

ஜூன் மாதம் முதல் ஞாயிறு நீங்களே வாசித்தீர்கள். "தையல் தொழிலால் பிழைக்கும் ஒரு சகோதரி, கணவரின் கையால் துன்புறுகிறார். அவரது பாதுகாப்புக்காகவும் கணவரின் மனமாற்றத்துக்காகவும் ஜெபிப்போம்." பெயர் போடவில்லையே என்று பிறகு என்னிடம் கேட்டீர்கள். நம் சபையில் எத்தனை தையல்காரிகள்? ஐம்பது தலை ஒரே பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன். மாஸ்டர் பாட்டுப் புத்தகத்தை விரித்தபடியே நின்றான். கடைசிப் பாட்டை ஒரு சுருதி பிசகாமல் பாடினான். வீட்டுக்குப் போய்த் தையல் மெஷினின் மர மூடியை அவள் வலது மணிக்கட்டில் போட்டான். இரண்டு எலும்பு.

ஆறு நாள் அவளை நம் வீட்டில் வைத்திருந்தேன். ஆறு நாளும் அவன் முன்னறைக்கு வந்தான். ஆறு நாளும் நீங்கள் அவனுக்கு டீ கொடுத்தீர்கள். கதவுக்கு இந்தப் பக்கம் அவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் டம்ளர் வைக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் நீங்கள் அவனிடம், "கொஞ்சம் பொறுங்க, நான் பேசிப் பாக்கறேன்" என்றீர்கள். அன்றுதான் பையை எடுத்து வைத்தேன்.

என்னோடு இங்கே வந்தபின் எலும்பு கூடி வருகிறது. கட்டைவிரல் இன்னும் மடங்கவில்லை.


ஜூலை 16

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதத்துக்கு மூன்று பதில் எழுதிக் கிழித்தேன். முதல் பதிலில் நான் அக்கறையினால் செய்தேன் என்று இருந்தது. இரண்டாவதில் ஜெபத்தின் வல்லமையைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. மூன்றாவதில் உன்னைக் குறை சொல்லியிருந்தேன். இது நான்காவது.

உண்மை இதுதான். திருமண்டல அலுவலகத்திலிருந்து மாதம் ஒரு படிவம் வரும், நீ பார்த்திருப்பாய். ஜெபக் குறிப்புகளுக்கு மூன்று இடம் விட்டிருப்பார்கள். நம் சபையிலிருந்து ஏழெட்டு மாதமாக ஒன்றும் போகவில்லை. போதகர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லிக் காட்டினார்கள். அன்று கடைசி நாள். முதல் இடத்தில் கூரை. இரண்டாவதில் தேர்வு எழுதும் பிள்ளைகள். மூன்றாவது இடம் காலியாக இருந்தது. தபாலில் சேர்க்க ஆள் நின்றுகொண்டிருந்தார். முந்தின நாள் நீ சொன்னது நினைவுக்கு வந்தது. எழுதினேன்.

அக்கறையும் இருந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். தேடிப் பார்த்தேன். அந்த நிமிஷத்தில் இல்லை. இடம் நிரம்பியது என்ற திருப்திதான் இருந்தது. நன்றாக எழுதியிருக்கிறேன் என்றுகூட நினைத்தேன்.

டீ கொடுத்ததைப் பற்றி என்ன சொல்வேன்? அவன் அழுதான். அழுகிறவனை வெளியே போ என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. உள்ளே அழாமல் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்கு உறைக்கவில்லை. அவன் இன்னும் பாடகர் குழுவை நடத்துகிறான். மனைவி அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான். ஞாயிறன்று முழங்கால் போட்டுக் கையை நீட்டுகிறான். நான் நற்கருணை அப்பத்தை வைக்கிறேன்.

பீடத்துக்குப் பூ வைக்கும் அம்மா உனக்காக வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருக்கிறார்கள். சர்க்கரை வியாதிக்காரி. வேண்டாம் என்று தடுத்தேன். "உங்களுக்கு அவங்க எப்படியோ, எனக்கும் அப்படித்தான் ஐயா" என்றார்கள். போன வெள்ளிக்கிழமை கோயில் படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போதும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் இதழிலும் அந்த வரி வருகிறது. நிறுத்தச் சொல்ல அலுவலகத்துக்குப் போன் செய்தேன். சுகமாகிவிட்டார்களா என்று எழுத்தர் சந்தோஷமாகக் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப இருக்கட்டும் ஐயா" என்று வைத்துவிட்டார்.


ஜூலை 29

மாஸ்டர் இங்கே வந்துவிட்டான்.

போன செவ்வாய்க்கிழமை. நான் மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். கையில் மாத இதழைச் சுருட்டி வைத்துக்கொண்டு வாசலில் நின்று, "அம்மாவுக்கு முடியலன்னு போட்டிருந்தது, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றிருக்கிறான். அக்காவுக்கு அவனைத் தெரியாது. இந்த மாதம் முழுக்க இப்படித்தான் யாராவது வருகிறார்கள். கதவைத் திறந்து நாற்காலி போட்டிருக்கிறாள். உள்ளிருந்து தட்டில் தண்ணீர் எடுத்து வந்தது டெய்லரம்மா.

தமக்கையின் இல்லத்தில் என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறீர்கள். என் அக்கா எந்த ஊர் என்று நம் சபையில் யாருக்குத் தெரியாது? நான் எங்கே இருக்கிறேனோ அங்கேதான் அவள் இருப்பாள் என்று கணக்குப் போட அவனுக்குப் பெரிய மூளை வேண்டியதில்லை.

நான் திரும்பி வந்தபோது அவன் நின்றுகொண்டிருந்தான். அத்தான் நடுவில் நின்றார். டெய்லரம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நான் வரல. நீங்க போங்க" என்றாள். துணி இன்னும் தைத்து முடியவில்லை, நாளைக்கு வாங்க என்று சொல்லும் அதே குரல். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்ததும் அவன் போனான். எதிர்க் கடையில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தான். மறுநாளும் வந்தான்.

வியாழக்கிழமை அவளே காவல் நிலையத்துக்குப் போகலாம் என்றாள். புகாரில் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். இப்போது அவள் இங்கே இல்லை. பெண்கள் தங்கும் ஒரு விடுதியில் இருக்கிறாள். எங்கே என்று உங்களுக்கு எழுத மாட்டேன்.

உங்கள் மேல் கோபமாக இருந்தேன். இப்போது கோபம் இல்லை, பயமாக இருக்கிறது. இரண்டு முறையும் நீங்கள் கெட்டது நினைக்கவில்லை. இரண்டு முறையும் ஜெபிக்கத்தான் கேட்டீர்கள்.


ஆகஸ்ட் 2

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதம் வந்த அன்று மாலை பாடகர் பயிற்சி. மாஸ்டரை உடுப்பு மாற்றும் அறைக்குக் கூப்பிட்டு, இனி குழுவை நடத்த வேண்டாம், பீடத்தண்டையும் வர வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டான். உங்களுக்குத் தெரியும் என்றேன். அவன் வெளியே போய் என்ன சொன்னானோ, பாடகர்களில் பாதிப் பேர் அங்கிகளை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஜூன் மாதமே செய்திருக்க வேண்டும்.

இப்போது ஒன்று கேட்கிறேன். பதினேழாம் தேதி பேராயர் வருகிறார். அன்று சபை முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட நினைக்கிறேன். நீ நோயாளி இல்லை என்பதையும், ஏன் போனாய் என்பதையும், அந்த ஜூன் மாதக் குறிப்பை நான் எப்படி எழுதினேன் என்பதையும். ஆனால் அதைச் சொன்னால் டெய்லரம்மாவின் காரியத்தையும் சொன்னதாகிவிடும். இந்த முறை கேட்காமல் செய்ய மாட்டேன். நீயே அவர்களிடம் கேட்டு எழுது. மன்னிப்புக் கடிதம் ஒன்றும் தனியே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கொடுக்கலாமா என்பதையும் கேள்.


ஆகஸ்ட் 8

கேட்டேன்.

உங்கள் மன்னிப்புக் கடிதத்தை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அலமாரியில் வைத்திருக்கிறேன். மற்றதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவர் பொய்ய அவர் சொல்லிக்கட்டும். என் விஷயம் என்னோடது. நான் சொல்ற எடத்துல நான் சொல்லிக்கறேன்."

கோர்ட்டைச் சொல்கிறாள்.

உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். ஜூன் மாதக் குறிப்பைச் சொல்லாமல் என் நோயை மட்டும் பொய் என்று சொன்னால், ஜனங்கள் காரணம் தேடுவார்கள். நான் ஏன் உங்களைவிட்டுப் போனேன் என்று ஆளுக்கொரு கதை கட்டுவார்கள். யோசித்துப் பார்த்தேன். கட்டட்டும். நம் இரண்டு பேருக்கும் அது பெரிய விலை இல்லை.

முடியுமா என்று பாருங்கள்.


ஆகஸ்ட் 20

அன்புள்ளவளுக்கு,

சொல்லிவிட்டேன்.

பிரசங்க மேடையில் ஏறவில்லை, கீழே நின்றேன். என் மனைவிக்கு நோய் எதுவும் இல்லை, அவள் வேறு காரணத்துக்காகப் போனாள், கேட்டவர்களிடம் நான் பொய் சொன்னேன், இரண்டு மாதம் உங்களை அந்தப் பொய்க்காக ஜெபிக்க வைத்தேன், என்னை மன்னியுங்கள் என்றேன். அவ்வளவுதான். எழுதி வைத்திருந்த மற்ற வாக்கியங்களை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

திடப்படுத்தலுக்கு வந்த பதினொரு பிள்ளைகளும் வெள்ளை உடையில் முன்வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள். பேராயர் மிச்ச ஆராதனையை நடத்தினார்.

முடிந்ததும் பூ வைக்கும் அம்மா என்னிடம் வந்தார்கள். "ஒம்பது வெள்ளிக்கெழம ஐயா" என்றார்கள். திட்டுவார்கள் என்று நின்றேன். ஜாடியிலிருந்த பூக்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். திட்டியிருக்கலாம்.

பேராயர் தனியே அழைத்து, ஏன் போனார்கள் என்று கேட்டார். அது நான் சொல்லக்கூடியதில்லை என்றேன். எனக்குமா என்றார். உங்களுக்கும்தான் என்றேன். அவர் முகம் மாறியது. அக்டோபர் முதல் தேதியிலிருந்து எனக்கு மாற்றல். முப்பது குடும்பம் உள்ள சின்னச் சபை, இரண்டு அறை வீடு. அதுவரை இங்கே பொறுப்பு உதவிக் குருவிடம்.

நீ எதிர்பார்த்தபடி கதை கட்டிவிட்டார்கள். நான் உன்னை அடித்தேனாம். அதனால்தான் போனாயாம். பால்காரர் பாலை வாசலில் வைத்துவிட்டுப் போகிறார், முன்போல் நின்று பேசுவதில்லை. செயலாளரின் மனைவி வீதியில் என்னைப் பார்த்துவிட்டுப் பிள்ளையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டாள். முதலில் நெஞ்சு கொதித்தது. ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும். அந்த ஒரு வார்த்தை என்னுடையதில்லை. பேசாமல் நடந்துவந்தேன். நடக்கும்போது, டெய்லரம்மா இந்த வீதியில் எத்தனை வருஷம் இப்படிப் பேசாமல் நடந்தார்களோ என்று தோன்றியது.

அலுவலக எழுத்தர் திருத்தம் போட மறுத்தார். ஜெபக் குறிப்புக்கு யாராவது மறுப்புப் போடுவார்களா என்று கேட்டார். நேரில் போய் உட்கார்ந்தேன். செப்டம்பர் இதழில் ஒரு வரி வரும்.


செப்டம்பர் 8

என்னங்க,

நேற்று அக்காவின் கோயிலில் அந்த வரியை வாசித்தார்கள். "முந்தைய இரு இதழ்களில் வெளியான அக்குறிப்பு உண்மையன்று." வாசித்தவருக்கே நாக்குப் புரளவில்லை, இரண்டு முறை வாசித்தார். ஆராதனை முடிந்ததும் அந்த ஐந்து பெண்களிடமும் நானே போனேன். நான்கு பேர் முகம் கொடுக்கவில்லை. அன்று அழுதவள் மட்டும் என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கி, "செத்துப் போயிடுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள். சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

டெய்லரம்மாவுக்குப் பள்ளிச் சீருடை தைக்கும் இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. தைக்க முடியவில்லை, இடது கையால் துணி வெட்டப் பழகுகிறாள். கட்டைவிரல் இனி முழுதாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்டோபரில் வழக்கு. நான் சாட்சி. அவள் என்னிடமும் இன்னும் பழைய மாதிரி இல்லை. ஒன்றைச் சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து, நிறுத்திக்கொள்கிறாள்.

நம் சபையில் உங்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று அவளிடம் சொன்னேன். வெட்டிய துணியை மடித்து வைத்தாள். பாவம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. சொல்லவில்லை. பிறகு கேட்டாள்.

"ஐயா எனக்காக ஜெபம் பண்றாரா?"

தினமும் பண்ணுவார் என்றேன்.

"வேண்டாம்னு சொல்லுங்க. தனியா இருக்கும்போதும் வேண்டாம். நான் கேக்கறப்ப பண்ணட்டும்."

எழுத மனசு வரவில்லை. ஆனால் எழுதாமல் இருக்கக் கூடாது.

இருபதாம் தேதி சனிக்கிழமை எட்டு ஐம்பது வண்டியில் வருகிறேன். சாமான் கட்ட ஆள் வேண்டும் அல்லவா? இருபத்தாறு வருஷச் சாமான், உங்களுக்கு எது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. மற்றதைப் பற்றி இப்போது ஒன்றும் எழுதவில்லை. முதலில் அட்டைப்பெட்டிகள் வாங்கி வையுங்கள்.


செப்டம்பர் 12

அன்புள்ளவளுக்கு,

அட்டைப்பெட்டிகள் இருபது வாங்கியிருக்கிறேன். சனிக்கிழமை நிலையத்தில் நிற்பேன்.

டெய்லரம்மா சொன்னதை உன் கடிதம் வந்த நாளிலிருந்து செய்கிறேன். சுலபமாக இல்லை. முப்பது வருஷமாக எனக்குத் தெரிந்த ஒரே வேலையை அவர்கள் ஒருவருக்காக மட்டும் செய்யக் கூடாது என்கிறார்கள். காலையில் முழங்கால் போட்டு ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். அவர்கள் இடம் வந்ததும் நிறுத்திவிட்டு எழுந்துவிடுகிறேன்.

நேற்று கவனமில்லாமல் பாதிப் பெயர் சொல்லிவிட்டேன். அதையும் அவர்களிடம் சொல்லிவிடு.